கடைசி ஸ்வரம் அடங்கும்வரை கதவு திறக்காது

உலகத்துப் பியானோ மேதைகள் அத்தனை பேருக்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வேன்காரரிடம் இருக்கிறது. இந்த விஷயம் அந்த மேதைகளுக்கு மட்டும்தான் தெரியாது.

எங்களுக்கு அவர் 'சபாஷ் அண்ணே'. எல்லைப் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் வீட்டில் கொண்டுவந்து விடுவார். செடெனாக் தோட்டத்துக் கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர். வாசிப்பு மனதைத் தொட்டால் அந்த இடத்திலேயே "சபாஷ்!" என்று உரக்கச் சொல்வது அங்கே மரியாதை. வேனில் எப்போதும் ஓடும் பியானோ இசைக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார். மாலை நெரிசலில் வேன் பாலத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கமும் கடல் செம்பு நிறத்தில் கிடக்கும். நாங்கள் பாதித் தூக்கத்தில் மிதப்போம், பியானோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஓட்டுநர் இருக்கையில் ஒரு சபாஷ் வெடிக்கும். அலறி எழுந்து, அப்படியே மறுபடி கனவுக்குள் போய்விடுவோம்.

ஒரே இசையை இரண்டு பேர் வாசித்ததைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்பார். ஒருவர் இடிபோல் முழங்கும் ரஷ்யாக்காரர். இன்னொருவர் நிதானமாக வாசிக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அண்ணனுக்கு அவர் வெறும் 'அந்தம்மா'. முன் சீட்டு மாலதி அக்கா ரஷ்யாக்காரர் கட்சி.

"என்னா ஸ்பீடு அண்ணே! விரலே கண்ணுக்குத் தெரியாது லா."

"பாலத்துல மோட்டார் சைக்கிள்ல போறவனும்தான் ஸ்பீடாப் போறான், அவனுக்குக் கை தட்டுவியா? அந்தம்மா ஒரு ஸ்வரத்தை வச்சிட்டு, அடுத்ததை வைக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறாங்க பாரு. அங்கதான் உயிரு இருக்கு."

வாசிப்பு முடியாமல் வேன் கதவைத் திறக்கமாட்டார். ஒருநாள் மாலதி அக்கா வீட்டு வாசலில் வேன் நின்றும் அவரால் இறங்க முடியவில்லை.

"அண்ணே, வீட்டுக்காரரு நிக்கிறாரு!"

"அலமாக், கொஞ்சம் பொறு லா. கடைசி ஸ்வரம் அடங்கட்டும்."

வீட்டுக்காரர் கோபமாக வந்து கண்ணாடியைத் தட்டினார். அண்ணன் கண்ணாடியை இறக்கி, உதட்டில் விரலை வைத்தார். அந்த மனிதரும் அடங்கிப்போய் நின்று கேட்டார்.

அந்தம்மா சிங்கப்பூருக்கு வாசிக்க வருகிறார் என்று தெரிந்தபோது அண்ணனுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தேன். ஞாயிறு பிற்பகல் கச்சேரி. குதிப்பார் என்று பார்த்தால் முகம் செத்துப்போனது.

"அங்க மூச்சே விடக்கூடாதாமே தம்பி?"

முன்பு ஒரு பேரங்காடியில் மாணவி ஒருத்தி வாசிக்கும்போது இவர் சபாஷ் போட, அவள் மிரண்டுபோய் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டாளாம்.

"அந்தம்மாவும் என்னால நிறுத்திட்டா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க பாட்டைக் கேப்பேன்?"

வேனில் பயிற்சி ஆரம்பமானது. சபாஷ் வரும் அறிகுறி தெரிந்தாலே மாலதி அக்கா ஒரு புளிப்பு மிட்டாயை அவர் வாயில் திணிப்பார். பாலம் முழுக்கக் கன்னம் உப்பியபடி ஓட்டினார்.

கச்சேரியில் அண்ணன் மிட்டாயைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் கையை இறுகப் பிடித்திருந்தேன். அந்தம்மா மெதுவான பகுதிக்கு வந்தார். ஒரு ஸ்வரத்தை வைத்தார். அடுத்தது வரவில்லை. மண்டபமே அந்தரத்தில் நின்றது. பிறகு, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, அது வந்தது.

"சபாஷ்!"

மொத்த மண்டபமும் திரும்பிப் பார்த்தது. கத்தியது நான்.

நல்லவேளை, அந்தம்மா நிறுத்தவில்லை. எனக்கு நாற்காலிக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. பேருந்தில் பாலம் ஏறும்வரை ஒரு வார்த்தை இல்லை. அவர் கனவைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதிப் பாலத்தில் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நீ சொன்னது ரொம்பச் சரியான எடம்."

நான் இப்போது பாலம் தாண்டாமல், இந்தப் பக்கமே கூலாயில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் லீவு கிடைத்தால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் வேனில் ஏறிவிடுகிறேன். சிங்கப்பூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.