கால் மணிக்கு ஒரு தரம் நிக்கற கார்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். செம்பூர்ல மச்சினர் வீட்டு கிரகப்பிரவேசம். மும்பை மாட்டுங்காவிலேர்ந்து மனைவியைக் கார்ல கூட்டிண்டு போகணும்.

கார் என்னை விட ரெண்டு வயசு மூத்தது. பத்து நாளா அதுக்கு ஒரு வியாதி. கால் மணி நேரம் சமத்தா ஓடும், அப்புறம் நடுரோட்டுல நின்னுடும்.

"இன்னிக்கும் நின்னுதுன்னா நாளைக்கே வித்துடணும். சத்தியம் பண்ணுங்கோ"ன்னா மனைவி.

தைரியமா பண்ணினேன். யூடியூப் பார்த்து பிளக், பாயிண்ட், காயில்னு இஞ்சினுக்குத் தீப்பொறி தர்ற சாமான் எல்லாத்தையும் நானே மாத்தியிருந்தேனே!

சயான் சர்க்கிள்ல நின்னுது.

பின்னாடி ஒரே ஹாரன். "அரே அங்கிள், மியூசியம் மே ரக்கோ!"ன்னு, காரை மியூசியத்துல வைக்கச் சொல்லி ஒரு டாக்ஸிக்காரர் கத்திட்டுப் போனார்.

வழக்கம்போல முதல்ல டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பார்த்தேன். இருந்தது. அப்புறம் பானட்டைத் திறந்து காயிலை ரெண்டு தட்டு தட்டினேன். ஸ்டார்ட் ஆயிடுத்து!

"பார்த்தியா? காயில்தான்!"

"அதைத்தானே முந்தாநாள் புதுசா மாத்தினேள்?"

காரைத் தாராவிக்குத் திருப்பினேன். அங்கதான் எங்க மெக்கானிக் காசிம் பாய், திருநெல்வேலிக்காரர். அவரும் கைவிட்டா கார் போச்சு. சத்தியம் பண்ணியாச்சே!

பாய் பானட்டைத் தொடவே இல்ல. "வண்டி நின்னதும் மொதல்ல என்ன செஞ்சீய?"ன்னு கேட்டார். சொன்னேன்.

"மூடியத் தொறக்கும்போது 'உஸ்'னு சத்தம் வந்துச்சா?"

"தினமும் வரும். பாவம், வயசான வண்டி, பெருமூச்சு விடறதுன்னு நெனச்சேன்."

பாய் மூடியைக் கழட்டி வெளிச்சத்துல பார்த்தார். என்னை விட்டுட்டு மனைவிகிட்ட நீட்டினார்.

"யக்கா, இதுல குண்டூசி கணக்கா ஒரு ஓட்டை உண்டு. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் இஞ்சினுக்குப் போவும். அதுமேல சந்தனத்த அப்பி வச்சிருக்காவ. குங்குமம் வேற! இவுக மூடியத் தொறந்ததாலதான் வண்டி திரும்ப ஓடிச்சு, காயிலத் தட்டினதால இல்ல."

ஆயுத பூஜை முடிஞ்சு பத்து நாள். ஸ்டியரிங், கண்ணாடி, நாலு சக்கரம் எல்லாத்துக்கும் பொட்டு வச்ச பக்திமான் நான்தான். மூடி மட்டும் என்ன பாவம் பண்ணித்துன்னு கட்டை விரலால அழுத்தி வச்சேன்.

பாய் அந்த ஓட்டையை ஊசியால குத்தித் திறந்து விட்டார். செம்பூர் வரைக்கும் வண்டி ஒரு தும்மல்கூடப் போடல.

போய்ச் சேர்ந்தபோது ஹோமம் முடிஞ்சுடுத்து. "காரை விக்கப் போறேளாமே?"ன்னார் மச்சினர். சயான்லேர்ந்தே மனைவி போன்ல சொல்லிட்டா போல.

"கார்மேல தப்பில்லண்ணா. அது இருக்கட்டும்"னா மனைவி. அப்பாடா, கார் தப்பிச்சுதுன்னு உட்கார்ந்தேன்.

மச்சினர் மனைவி சிரிச்சுண்டே சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினா. என் மனைவி நடுவுல புகுந்து வாங்கி வச்சுண்டா.

"அவர் கைல வேண்டாம் மன்னி. வீடு புதுசு."