ராய்ஸ்டன் மலையை அழித்த கதை

கிழக்கு அறை தனக்குத்தான் என்று ராய்ஸ்டன் முடிவு கட்டிவிட்டான். மனைவி வனஸ்ஸாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சின்ன விஷயம். கல்யாணத்துக்குத் தேதி குறித்தவன் பெண்ணிடம் சொல்ல மறந்த மாதிரி, அவ்வளவு சின்ன விஷயம்.

குளிர்மலை ஊரான பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. பின்பக்கம் புதிதாக இரண்டு அறை எழும்பப் போகிறது. கிழக்கு அறையின் ஜன்னலில் தேயிலைச் சரிவு. காலையில் வெயில் நேராக உள்ளே வந்து கால் நீட்டி உட்காரும். மேற்கு அறையின் ஜன்னலில் மலை. கையை நீட்டினால் பாசி. ஒன்று ராய்ஸ்டனின் ஆபீஸ். இன்னொன்று வனஸ்ஸா ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சும் சமையல்கட்டு. எது யாருக்கு?

'கேட்டா கிடைக்காது. அவளே குடுக்கணும்!'

அதற்குத்தானே அவன் தொழில் இருக்கிறது! கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, போட்டோ எடுத்த மாதிரி காட்டுகிறவன் ராய்ஸ்டன். பக்கத்து ஊர் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் தோட்டத்து நடுவே வரப்போகும் விடுதியை, சுவிட்சர்லாந்துக்காரன் பார்த்துப் பொருமுகிற மாதிரி செய்தவன். ஆனால் குளிரில் விரல் விறைத்து, கையுறை போட்டுக்கொண்டு மவுஸ் பிடிக்கிறவன். வெயில் அறை இல்லாவிட்டால் விரல் பத்தும் ஐஸ் குச்சி.

முதலில் மேற்கு அறை. சூரியனைப் பிடித்து ஜன்னலுக்கு நேரே வைத்தான். மலை மறைத்தது. மலையை அழித்தான். ஒரே தட்டு! வெளிச்சத்தைக் கூட்டினான். மஞ்சளைக் கூட்டினான். அடுப்பு மேடையில் பளபளப்பு ஏற்றினான். மிதக்கிற தூசிகூடத் தங்கம்.

அடுத்து கிழக்கு அறை. சூரியனைப் பிடுங்கினான். நீலத்தைக் கூட்டி, மூலைக்கு மூலை நிழலை அப்பி, மூடுபனியை உள்ளே விட்டான். சுவரில் ஈரக்கறை வேறு. பேய் குடிவந்தால்கூட மறுநாளே காலி பண்ணிவிடும்.

சாயங்காலம் டீயும் கையுமாக ஆரம்பித்தான்.

"வனஸ்ஸா, இங்க வாம்மா! ரெண்டு ரூமும் எப்படி வரும்னு பாரு."

"அட! இது யாரு வீட்டு சமையல்கட்டு?"

"ஒனக்குத்தான், மேக்கால ரூம்!"

"மூஞ்சிய வச்சா சுட்டுரும் போலயே!"

"வெயில் அப்படி லா!"

"அங்க ஒரு மலை இருந்துச்சே?"

ராய்ஸ்டன் டீயை விழுங்கினான். சூடு.

"அது... கேமரா ஆங்கிள்."

"ஓ... மலை ஆங்கிள்ல போயிருச்சு. சரி, இந்தக் குகை?"

"என் ஆபீஸு, கிழக்கால." சர்ச் மேடையில் சாட்சி சொல்கிறவரின் குரல் அவனுக்குத் தானாக வந்தது. "இருட்டுதான். குளிருதான். என்னா செய்றது? நீ நல்லா இருந்தாப் போதும்."

வனஸ்ஸா மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, எம்மேல அம்புட்டுப் பாசமா?"

"பின்ன?"

"படத்துல உள்ளதுதானே ரூம்லயும் இருக்கும்?"

"என் தொழில் மேல சத்தியம்!"

உடனே போனை எடுத்தாள். கண்ட்ராக்டர் ஆர்தர்! ராய்ஸ்டனின் நெஞ்சுக்குள் கிறிஸ்துமஸ் மணி அடித்தது.

"ஆர்தரண்ணே, ரூம் பேசியாச்சு. கிழக்கு ரூம் ரொம்ப இருட்டாம்ண்ணே. அதுல இவர உக்கார வச்சுட்டு நான் வெயில்ல நின்னு ஜாம் கிண்டுறதா? மனசு கேக்கல லா. என் அடுப்ப அந்த இருட்டுலயே போடுங்க. இவருக்கு மேக்கால, அந்தத் தங்கமான ரூமக் குடுங்க."

மணி நின்றது.

"ஐயோ, வேணாம்மா! நான் சமாளிச்சுக்குவேன்!"

"சும்மா இருங்க. படத்த நான் கண்ணால பாத்தேனே!"

"படம் சில சமயம்..."

"சில சமயம்? பொய் சொல்லுமா?"

சத்தியத்தின் சூடுகூட இன்னும் ஆறவில்லை. "...சொல்லாது."

போனுக்குள் ஆர்தர் சிரித்தார். குளிர்ந்துபோன லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி. ஹெக்... ஹெக்... ஹெக்கெக்கெக்கே!

அறைகள் எழும்பின. கிழக்கே ஜாம் கொதித்தது. வெயில் வந்து அதை ருசி பார்த்தது. மேற்கே, அழித்த மலை அப்படியே திரும்பி வந்து ஜன்னலில் நின்றது. அதன் முன்னே கம்பளித் தொப்பி, மஃப்ளர், கையுறை, இவற்றுக்கு நடுவே எங்கேயோ ராய்ஸ்டன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டான். "உண்மையச் சொல்லு. ஒனக்கு அன்னிக்கே தெரியும்தானே?"

"இந்த ஊர்ல துணி காயுதா? காலைல கிழக்கால, மத்தியானம் வாசப்பக்கம்னு ஒங்க ஜட்டியத் தூக்கிக்கிட்டு வெயில் பின்னாலயே வருசக்கணக்கா ஓடுறேன். எனக்குத் தெரியாத சூரியனா?"

ராய்ஸ்டன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். குரல் இறங்கிவிட்டது. "வெரல் விறைச்சுப் போச்சும்மா. கொஞ்ச நேரம் ஒன் அடுப்பாண்ட வந்து உக்காரட்டுமா?"

"அய்யய்யோ, இங்க ஒரே இருட்டு, மூடுபனி வேற! குளிருதுன்னா மவுஸப் புடிச்சு அந்தச் சூரியனக் கொஞ்சம் பக்கத்துல இழுத்து வச்சுக்குங்க லா!"