எனக்கு வக்கீல் தேவையில்லையாம்!

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

சிறைச்சாலை ஆறாம் நம்பர் அறையிலிருந்து தம்பி பணிவோடு எழுதுவது. நான் நலம். மாமாவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போலீஸ்காரர் பைக்கை ஓட்டி வீடியோ போட்டதற்கான மூன்று மாதத் தண்டனை முடிந்தும், நாற்பத்தோரு நாளாக உள்ளேயே இருக்கிறேன். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே பக்கத்து அறைக்காரருடைய விடுதலைத் தேதியை எழுதிவிட்டார்கள். அவருக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி!

அதனால ஆட்கொணர்வு மனு போட்டேன்கா. சட்டவிரோதமா அடைச்சு வச்ச ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கன்னு கோர்ட்டைக் கேட்கிறது. கூடவே, "எனக்கு ஒண்ணும் தெரியாது, கோர்ட்டே ஒரு வக்கீல் குடுக்கணும்"னும் கேட்டேன். மனுவை விசாரிக்கிற நீதிபதியம்மாவுக்கு நான் எப்பேர்ப்பட்ட வெறி ரசிகன்னு உனக்கே தெரியும். விசாரணை நேரலை ஒண்ணு விடாம பார்த்து, கமெண்ட்ல இதயமா போட்டவன். அவங்களே படிக்கப் போறாங்கன்னா கை சும்மா இருக்குமா? முப்பது பக்கம், பன்னிரண்டு பழைய தீர்ப்பு மேற்கோள், அடிக்குறிப்பு வேற! உத்தரவு வந்துச்சு: "மனுதாரர் அருமையாக வாதிடுகிறார். வக்கீல் தேவையில்லை." சிரிக்கிறதா அழறதான்னே தெரியலை. எழுதறது சரி, நாலு பேர் முன்னாடி பேசணுமே! ஸ்கூல் மேடையில மயங்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கா?

எங்க அறை பெயின்டர் அண்ணனும் இதே மனுதான் போட்டார். நாலே வரி. மூணே நாள்ல வக்கீல்!

"டேய் வக்கீலு, நீயும் கொஞ்சம் மட்டமா எழுதிப் பாரேன்டா!"

"எழுதினேண்ணே. திரும்பப் படிச்சா மனசு கேக்கலை, எல்லாத்தையும் திருத்திட்டேன்."

"உன்னை உள்ள வச்சிருக்கிறதுல தப்பே இல்லைடா!"

வக்கீல் கேட்டு மறுபடி எழுதின அந்த ரெண்டாவது மனுவும் இந்தக் கடிதமும் இன்னிக்கு ஒண்ணா தபால்ல போகுது. மனு போன தடவையைவிடப் பிரமாதம்; அதனால வக்கீல் கிடைக்காது. பதினஞ்சாம் தேதி பாப்பாவை முதல் நாள் ஸ்கூலுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு சத்தியம் பண்ணினேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கா.

மாமாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நல்லா எழுதித் தொலைச்ச
உன் தம்பி

பின்குறிப்பு: மூலையில கோர்ட் முத்திரையைப் பார்த்துப் பதறாதே. உறையை மாத்திப் போட்டுட்டேன். மனு உனக்கு வந்திருக்கும். இந்தக் கடிதம் நீதிபதியம்மாவுக்குப் போயிடுச்சு! முழுசா படிச்சு, உத்தரவோட எனக்கே திருப்பி அனுப்பியிருக்காங்க: "இரண்டு உறைகளில் எது யாருக்கு என்று தெரியாத மனுதாரருக்கு வக்கீல் அவசியம்." வக்கீல் வந்து கோர்ட்ல பதிவேட்டைக் காட்டினார், பதினஞ்சுக்கு முன்னாடியே, திங்கட்கிழமை விடுதலை! பாப்பாவோட பையை நான்தான் தூக்குவேன். ஓரத்துல பென்சில்ல பொடியா ஒரு வரி இருக்கும் பார்: "இதயங்களுக்கு நன்றி." கடிதத்தை மடிச்சிடாதேக்கா, ஃபிரேம் போடணும்!