குறட்டை இறக்கும் சேவல்

சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு போனால் உடையார்கட்டுத் தகரக் கொட்டகையில் நிற்க இடம் கிடைக்காது. வருகிற பெண்கள் இரண்டைக் கொண்டுவருவார்கள். ஒன்று, குறட்டை விடும் புருஷன். மற்றது, சேவல். புருஷன் வராவிட்டால் பாதகமில்லை, படம் போதும். சேவல் நேரில் வர வேண்டும்.

கொட்டகைக்குச் சொந்தக்காரர் அமைதிச் சுவாமிகள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் வெறும் வினோதன். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார். எந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் என்பதை அப்போதே படித்துவிட்டார். படிப்பு வீண்போகவில்லை.

அவருடைய கண்டுபிடிப்பு இது. குறட்டை நோய் வருத்தம் அல்ல. நித்திரையில் நெஞ்சின்மேல் பேய் ஏறிக் குந்துகிறது. உறுமுவது அதுதான். மந்திரம் சொன்னால் பேய் இறங்கி, பக்கத்துக் கூடையில் இருக்கும் சேவலில் ஏறும். ஆள் அமைதியாவார். சேவல் கத்தும்.

பேய் ஏறிய சேவலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த ஆபத்தைச் சுவாமிகள் தானே ஏற்றுக்கொண்டார். கொட்டகைக்குப் பின்னால் அவருடைய குசினி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேய்கள் மிளகோடு வதங்கும் மணம் நாலு வளவு தாண்டி வரும். மிஞ்சிய பேய்கள் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போகும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதென்றால் முதலில் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரருக்கும் வசதி இருந்தது. குறட்டைக்காரர் கனடாவில் படுத்திருப்பார். சுவாமிகள் வட்ஸ்அப்பில் மந்திரம் சொல்வார். கனடாப் பேய் உடையார்கட்டுச் சேவலில் வந்து இறங்கும். மனிதருக்குத்தான் விசா.

அன்று முல்லைத்தீவுப் பக்கத்துக் கூட்டத்தை ஏற்றி வந்தது பரமலிங்கம் ஓட்டும் பஸ். கிழமை நாட்களில் அவர் கொக்கிளாய் வரை ஓடுவார். வயது நாற்பத்தெட்டு. கழுத்து இருக்க வேண்டிய இடத்திலேயே தோள் தொடங்கிவிடும். அன்று சாரதியும் அவர்தான், நோயாளியும் அவர்தான். மனைவி சிவனேஸ்வரி மடியில் சேவலோடு முன் சீற்றில் இருந்தார். அது நாலாவது சேவல்.

மூன்று மாதங்களுக்கு முன் நாயாற்றுப் பாலத்தில் பரமலிங்கம் பட்டப்பகலில் நித்திரையானார். பஸ் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியது. பாய்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்தவர் நடத்துநர் நவ்பர். பன்னிரண்டு வருடங்களாக அதே பஸ்ஸில் ரிக்கற் கிழிக்கிறவர். மறுநாளே அண்ணையை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

உடம்பெல்லாம் வயர் பூட்டிப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். நித்திரையில் தொண்டை அடைபடுகிறது, மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டொக்டர். முதலில் காற்றடிக்கும் முகமூடி கொடுத்தார். பரமலிங்கம் நித்திரையிலேயே அதைக் கழற்றி எறிந்தார். தொண்டையின் ரொன்சில் சதை இரண்டும் கொட்டைப்பாக்களவு வீங்கியிருந்தபடியால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார். வருகிற செவ்வாய்க்கிழமை.

டொக்டர் ஒரு பெரிய பிழை விட்டார். உண்மையைச் சொன்னார்.

"குறையும். ஆனா முழுசா மாறும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். வெட்டின பிறகும் ஒருக்காச் சோதிக்க வேணும். அதுவரைக்கும் பஸ் ஓடக் கூடாது."

சுவாமிகள் அப்படிப்பட்ட பிழை விடுகிறவர் அல்ல.

"நூறு வீதம் மாறும்," என்றார். "ஆனா தொண்டையில கத்தி பட்டுதெண்டா பேய் வெளியில வாற வழி அடைபட்டுப்போகும். பிறகு செத்தாலும் இறங்காது."

சத்தியம் பண்ணாத டொக்டர் ஒரு பக்கம். நூறு வீதம் தருகிற சாமி மறுபக்கம். பரமலிங்கம் பஸ்ஸை விடவில்லை. கத்தியை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை போறியள்தானே?" காலையில் பஸ்ஸுக்குள் நவ்பர் கேட்டார்.

"பாப்பம்."

"என்னத்தைப் பாக்கிறது?"

"இண்டைக்கும் பேய் சரியா இறங்கினா, வரேல்லை எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுவம்."

"சாமி உங்களுக்குப் பக்கத்தில நிண்டு வாறேல்லை அண்ணை. நான்தான் நிக்கிறன். வளைவுக்கு வளைவு உங்களைக் கிள்ளி என்ர நகமும் தேஞ்சு போச்சு."

சிவனேஸ்வரி திரும்பினார். "நவ்பர் தம்பி, நீங்கள் வேற சமயம். உங்களுக்கு எங்கட சாமியைப் பிடிக்காது."

"எங்கட ஆக்களும் ரெண்டு பேர் பின் சீற்றில சேவலோட இருக்கினம் அக்கா. பேய்க்குச் சமயம் இல்லை. சாமிக்கு அறவே இல்லை."

கொட்டகையில் பரமலிங்கம் பாயில் மல்லாந்து படுத்தார். அவருக்கு நித்திரை வரவழைக்க மந்திரம் தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் தகரம் அதிர்ந்தது. சுவாமிகள் கண்ணை மூடி முணுமுணுத்தார். வலது கை வானத்தில். இடது கை சால்வைக்குள். பக்கத்தில் கூடை.

குறட்டை ஏறியது. இன்னும் ஏறியது. சட்டென்று நின்றது.

கூடைக்குள் சேவல் அலறியது. கொட்டகை கைதட்டியது.

"பாருங்கோ, பச்சைப் பிள்ளை மாதிரிக் கிடக்கிறார்," என்றார் முள்ளியவளைக் கமலேஸ்வரி. பதினொரு சேவல் கொடுத்த பழைய பக்தை. முன் வரிசை அவருக்கு உரியது.

பச்சைப் பிள்ளை கொஞ்ச நேரத்தில் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி விக்கி, மறுபடியும் உறுமத் தொடங்கினார்.

"வெளிக்கிட்ட பேய் திரும்பி வந்து கதவைத் தட்டுது," என்றார் சுவாமிகள். சனம் தலையாட்டியது. எதற்கும் ஒரு விளக்கம் இருந்தால் போதும். அது விளங்க வேண்டும் என்றில்லை.

நவ்பருக்கு இந்தக் கச்சேரி புதிதல்ல. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் பரமலிங்கம் பஸ்ஸின் பின் சீற்றில் படுப்பார். உறுமல், நிறுத்தம், விக்கல். அங்கே சாமியும் இல்லை, சேவலும் இல்லை.

நவ்பர் முன்னால் வந்தார். "சாமி, ஒரு சின்னச் சந்தேகம். கனடாவில கிடக்கிற பேயையும் இங்க இருந்தே இறக்கிறனீங்கள் என்ன?"

"ஓம். மந்திரத்துக்குத் தூரம் இல்லை."

"அப்ப ஒருக்கா எங்கட பஸ்ஸுக்குள்ள இருந்து இறக்குங்கோவன். நாப்பது அடிதான்."

சுவாமிகள் முகத்தைச் சுளித்தார். பரீட்சை வைப்பது பாவம் என்று தொடங்கினார். ஆனால் பக்தர்கள் அவரை விடுவதாக இல்லை.

"சாமிக்கு இதென்ன பெரிய வேலையோ!" கமலேஸ்வரி கூடையைத் தானே தூக்கினார். "காட்டுங்கோ சாமி! இவருக்கு நல்லா உறைக்கட்டும்!"

பக்தி சுவாமிகளைச் சேவல் கூடையோடு பஸ்ஸுக்குள் தள்ளி ஏற்றியது.

நவ்பர் எஞ்சினை முடுக்கினார். பாட்டையும் போட்டார். எங்கள் பஸ்களில் பாட்டுப் போட்டால் பக்கத்தில் இருப்பவர் செத்தாலும் தெரியாது. கொட்டகைக் குறட்டை எங்கே கேட்கப்போகிறது. கொட்டகைப் பாயில் கிடந்த பரமலிங்கத்துக்கோ அதுதான் தாலாட்டு. உறுமல் இன்னும் ஓங்கியது. பஸ் வாசலில் கமலேஸ்வரி குடையோடு நின்றார். சேவல் கத்தினால் குடையைத் தூக்க வேண்டும். அவர் பொய்க்குடை தூக்குவார் என்று யாரும் சொல்ல முடியாது.

குடை எழுந்தது.

பரமலிங்கம் உறுமிக்கொண்டே இருந்தார்.

குடை இறங்கியது. மறுபடியும் எழுந்தது. உறுமல் உச்சத்தில் இருந்தது. மூன்றாம் தரமும் எழுந்தது. சனம் குடையைப் பார்த்தது, பாயைப் பார்த்தது, மறுபடியும் குடையைப் பார்த்தது.

குடை கீழே இருந்தபோது குறட்டை தானாக நின்றது.

பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"தட்டாதேங்கோ. எண்ணுங்கோ!" கொட்டகைக்குத் திரும்பியிருந்த நவ்பர் தலையணை ஓட்டைக்குள் விரலை விட்டு இலவம் பஞ்சை உருவினார். ஒரு சிட்டிகையைப் பரமலிங்கத்தின் மூக்குக்கு நேரே பிடித்தார். "அக்கா, இங்க வாங்கோ. பஞ்சைப் பாருங்கோ."

பஞ்சு அசையவில்லை.

பத்து. பதினைந்து. நெஞ்சு எழும்பப் பார்த்தது, காற்றுப் போகவில்லை. இருபது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. இருபத்தாறில் சிவனேஸ்வரி கத்திக்கொண்டு புருஷனின் தோளைப் பிடித்து உலுப்பினார். பரமலிங்கம் விக்கி எழும்பினார். பஞ்சு பறந்தது.

"நாலு கிழமையா நீங்கள் கைதட்டினது இதுக்குத்தான்," என்றார் நவ்பர். "அண்ணைக்கு மூச்சு நிண்ட நேரத்துக்கு."

சிவனேஸ்வரி பாயில் குந்திவிட்டார். "சத்தம் நிண்டா சுகமாகிட்டுது எண்டு நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனானே," என்றார்.

ரோட்டில் குடை இன்னமும் எழும்பி எழும்பி இறங்கியது. பிறகு நின்றது. கமலேஸ்வரி பஸ்ஸுக்குள் ஏறுவது தெரிந்தது. இறங்கியபோது ஒரு கையில் சேவல், மறு கையில் சுவாமிகளின் சால்வை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நைலோன் கயிறு. ஒரு முனை சேவலின் காலில் இருந்தது.

"என்ன சாமி இது?"

"பேய் தப்பி ஓடாமல் கட்டினது."

"பேயை இழுத்துக் கத்தப் பண்ணினதையும் பார்த்தனான்!"

சுவாமிகள் நவ்பரைக் கைகாட்டினார். "சந்தேகக்காரர் நிக்கிற இடத்தில மந்திரம் பலிக்காது!"

"ஆஸ்பத்திரியிலயும் நான் சந்தேகத்தோடதான் நிண்டனான்," என்றார் நவ்பர். "அங்க மெசின் வேலை செய்தது."

கூட்டம் குசினிப் பக்கம் பாய்ந்தது. கோழிக்கூட்டில் ஏழு சேவல்கள் மிஞ்சியிருந்தன. உரிமை கோரியவர்கள் அறுபது பேர். புருஷனின் மூச்சைப் பற்றி ஒரு நாளும் கேள்வி கேட்காதவர்கள், சேவலின் கொண்டை நிறத்தைப் பற்றி அன்று நல்ல நல்ல கேள்விகள் கேட்டார்கள்.

பின்னேரம் பரமலிங்கம் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் ஏறவில்லை. காலையில் அதே மனிதரை நம்பிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள், ரோட்டோரம் நின்று வேறு பஸ் பார்த்தார்கள். அவர் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார். திறப்பைக் கழற்றி நவ்பரிடம் கொடுத்தார்.

"முதலாளிக்குப் போன் அடிச்சு வேற ட்ரைவர் அனுப்பச் சொல்லு."

பிறகு சிவனேஸ்வரிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு?"

"ஏழு. வெறும் வயித்தோட வரட்டாம்," என்றார் சிவனேஸ்வரி.

"டொக்டர் சத்தியம் பண்ணேல்லையே, நவ்பர்."

"பண்ணாதபடியாத்தான் நம்பலாம் அண்ணை."

சுவாமிகள் இப்போது உடையார்கட்டில் இல்லை. வவுனியாப் பக்கம், இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தத்தை இறக்குகிறாராம். சேவல் போதாதாம். ஆளுக்கு ஒரு ஆடு. வரிசை ரோட்டுவரை நிற்கிறது என்கிறார்கள். நிற்பவர்கள் ஒரு தரம் குனிந்து பார்ப்பது நல்லது, கயிறு ஆட்டின் கழுத்தில்தான் இருக்கிறதா என்று.