ஆமிருக்கு மேல் ஐநூறு

"லே சுடலையாண்டி, நான் கைக்குட்டையத் தூக்கினா நீ ஐநூறு ஏத்திக் கேளு. எம்பேரு வெளிய வரப்பிடாது," என்றார் சிராஜுதீன்.

"எதுவரைக்கும் அண்ணாச்சி?"

"ஆமிரு வாய மூடுத வரைக்கும்."

வள்ளியூர் கடைத்தெருவில் சிராஜுதீனின் பாத்திரக்கடைக்கு நேரெதிரே ஆமிரின் பாத்திரக்கடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலுக்கு நேர்ச்சையாக வந்த பொருள்களை வாசலில் ஏலம் விடுவார்கள். போன வாரம் ஒரு பலாப்பழத்துக்கு ஆமிர் இரண்டாயிரம் கேட்டான். சிராஜுதீன் ஆயிரத்தைந்நூறோடு நின்றுவிட்டதைக் கடைத்தெருவே பேசியது. இந்த முறை தோற்றாலும் வெளியில் தெரியக்கூடாது என்றுதான் ஆட்டோக்காரன் சுடலையாண்டியைப் பிடித்திருந்தார். சட்டைப்பையில் பன்னிரண்டாயிரம். மனைவி சித்தி ஜனாபா வாஷிங் மெஷினுக்காக ஓராண்டாகச் சேர்த்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒரு கூடையைத் தூக்கினார். "சேவல்! ஐந்நூறு!"

"ஆயிரம்," என்றான் ஆமிர், போனைக் காதில் வைத்தபடி.

கைக்குட்டை எழுந்தது.

"ஆயிரத்தைந்நூறு!" என்றான் சுடலையாண்டி.

ஆமிர் போனில் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஏற்றினான். சுடலையாண்டி அதற்கு மேல் ஏற்றினான். சிராஜுதீன் சேவலைப் பார்க்கவே இல்லை. ஆமிரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறாயிரம்," என்றான் ஆமிர்.

சிராஜுதீன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். போதும், விட்டுவிடலாம். ஆனால் வெயிலில் வழிந்த வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்தார்.

"ஆறாயிரத்தைந்நூறு!"

ஐயோ, வேண்டாம் என்று கையை ஆட்டினார். கைக்குட்டையும் சேர்ந்து ஆடியது.

"ஏழாயிரம்!"

"ஏலே, நீ கேட்டதுக்கு மேல நீயே கேக்கியே!" என்றார் மோதினார்.

"கேட்டாச்சு. எழுதிக்கிடும் வே!"

ஆமிர் உதட்டைப் பிதுக்கினான். "நம்மால ஆவாது."

மோதினார் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

போன பணம் போகட்டும், ஆமிரின் வாய் மூடிவிட்டதே! அந்தச் சந்தோஷத்தைச் சுடலையாண்டிக்கு விட்டுக்கொடுக்க சிராஜுதீனுக்கு மனம் வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஏழாயிரத்தை எண்ணி வைத்தார்.

"எடுத்தது நான்தாம்வே!"

ஆமிர் திகைத்துப்போய் அவரையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனில் பைய சொன்னான்:

"சித்தி ஜனாபா மைனி, பிள்ளய அழாண்டாம்னு சொல்லுங்க. நீங்க நேர்ச்சைக்குக் குடுத்துட்டு என்னய எடுத்துத் தரச் சொன்ன சேவலு உங்க வீட்டுக்கேதான் வருது. இவ்வளவு நேரம் நம்மகூட மல்லுக்கட்டினது உங்க வீட்டுக்காரருதான்."