பதினேழாம் கம்பம்

பதினேழாம் கம்பத்து விளக்கு மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. முந்தாநாள்தான் சிதம்பரநாதன் அதன் குமிழைக் கழற்றுவித்து, அந்தி சாயும்வரை தானே கீழே நின்று பார்த்து, குமிழைத் தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

பிரதேச சபையில் தெருவிளக்குகள் அவர் பொறுப்பு. கரிப்புகையால் உலகம் சூடாகிறது, மின்செலவும் கட்டுப்படியாகவில்லை, ஆகவே விளக்குகளில் பாதியை அணைக்கவும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. பதுளைக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து மனிதரிடம் உலகம் சூடாகிறது என்றால், பாவம், அவர் என்னதான் செய்வார்? ஆனாலும் ஓடி ஓடி அணைத்தார். போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அது. பாதி விளக்கு அணைந்தால் ஊருக்கு மாற்றல் கடிதத்தில் கையெழுத்து வைப்பதாகச் சபைத் தலைவர் சொல்லியிருந்தார். அங்கிருந்த மனைவியையும் மகளையும் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

சொன்னபடி எல்லாம் அணைந்தன. கல்லூத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் திரும்பும் வளைவில் நிற்கும் இந்தப் பதினேழு மட்டும் அடம்பிடித்தது.

சபையின் மின்வேலைக்காரர் ஹாஷிம் வயரையே வெட்டினார். சிதம்பரநாதனுக்கு யார் வேலையிலும் நம்பிக்கை கிடையாது. அன்று மாலையும் தனியாகப் போனார். வெள்ளைச் சால்வையைத் தலையோடு போர்த்தி, குடையைப் பிடித்து, பனிமூட்டத்துக்குள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி அரைமணி நேரம் நின்றார். விளக்கு எரியவில்லை. ஆனால் லயத்து நாய்கள் ஊளையிட்டன. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. எங்கோ அழுத குழந்தை சட்டென்று நிறுத்தியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

மறுநாள் பதினேழு எரிந்தது. கூடவே பதினாறும்.

இரண்டையும் வெட்டச் சொல்லி, அன்று ஒரு மணி நேரம் நின்றார். அடுத்த நாள் நான்கு எரிந்தன. கம்பத்தடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு, கால் போத்தல் சாராயம்.

"நான் இனி ஏற மாட்டேன் சேர். இதுல என்னமோ இருக்கு" என்றார் ஹாஷிம்.

சிதம்பரநாதனுக்கும் அப்படித்தான் பட்டது. ஏதோ ஒன்று அந்த வளைவில் இருக்கிறது, அதற்கு இருட்டு ஆகவில்லை. ஆனால் மாற்றல் போய்விடுமே! நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்கத் தினமும் போய் நின்றார். சனிக்கிழமை பதினொரு விளக்குகள் எரிந்தன. அவற்றில் மூன்று, பிறந்ததிலிருந்தே குமிழ் காணாத கம்பங்கள்.

திங்கட்கிழமை தலைவர் கூப்பிட்டார். மேசையில் மாற்றல் கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. சிதம்பரநாதனுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. சால்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார்.

அந்நேரம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சரோஜாதேவி மனுவோடு உள்ளே வந்தாள். தலைவரைப் பார்த்து மட்டும் பேசினாள். "பழையபடி லைட்டப் போட்டுக் குடுங்கய்யா. லைட்ட நிறுத்துன நாள்லேருந்து அந்திக்கு ஒண்ணு வந்து நிக்குதுங்க. வெள்ளையா முக்காடு, கையில கொடை. கம்பத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. பாவம், வெளிச்சத்துக்கு ஏங்குதுன்னு நாங்களே கம்பியில கொக்கி போட்டு ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே வந்தோம். படையலும் வச்சுப் பாத்தாச்சு. போக மாட்டேங்குதுங்க."

தலைவர் மெல்லச் சிதம்பரநாதன் பக்கம் திரும்பினார். சரோஜாதேவியும் திரும்பினாள். இரண்டடி பின்வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அய்யா, அது எங்க போகணும்னு தவிக்குதோ, அங்கயே அனுப்பி வச்சிருங்க."