அந்தச் சுவரைத் தொடாதீர்கள், அண்ணி

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இதை எழுதி உங்கள் தம்பி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறாராமே, அவரைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

போன மாதம் அதே சுவரைப் பார்த்து, "இது மனுஷங்க இருக்கிற வீடா?" என்று கேட்டவளும் நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு உங்கள் மருமகன், என் பிள்ளையின் பிழைப்பே அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மேடை அலங்காரத் தொழிலில் இறங்கினானே, அவனுக்கு முதல் ஆர்டர் வந்தது, பொருட்காட்சியில் பேய் வீடு. உள்ளே சுவரெல்லாம் பாழடைந்து, பாசி பிடித்து, செடி கொடி மண்டிக் கிடக்க வேண்டுமாம். ஹால் முழுக்கத் தெர்மோகோல் பலகைகளை நிறுத்திப் பச்சையும் கறுப்புமாக அடித்துத் தள்ளினான். பொருட்காட்சி முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது பேய் வீடா, பிறந்தநாள் மேடையா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் வேறு ஆளாம். பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. போய்ப் பலகையைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

"பாசி எங்கேயாவது நட்டநடுச் சுவர்ல வருமாடா? குழாய் ஒழுகுற இடத்துலதானே வரும். கறை காஞ்சா ஓரம்தான் கறுக்கும், நடுவுல வெளுத்துடும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கல்யாணம் ஆன நாளா அதோடதான்டா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான். மரத்தூளைப் பச்சைப் பெயின்டில் பிசைந்து பசை மேல் அப்பினால் பாசி. பழைய டீத்தூளைக் கொதிக்கவிட்டு மேலிருந்து வழியவிட்டால் மழைக்கறை. சணல் கயிற்றைப் பிரித்துச் சாயத்தில் முக்கினால் கொடி. நானே ஒரு குழாய்த் துண்டை ஒட்டி அதன் கீழே துருக்கறை இறக்கினேன். உங்கள் தம்பி ஸ்பேனரோடு வந்து, ஒழுகுதே என்று அதைத் திருக, குழாய் கையோடு வந்துவிட்டது. மறுபடி ஒட்டினோம். பிள்ளை பாடுபட்டுப் பஞ்சில் சிலந்தி வலை கட்டி வைத்திருந்தான், காலையில் எழுந்ததும் நான் பழக்கதோஷத்தில் துடைப்பத்தை எடுத்து அதை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அவன் துடைப்பத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டான். கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "உங்க சுவர்த் தண்ணி எங்க வீட்டுக்கு இறங்கிடாதே?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி மறுபடி வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரமா என்று விரலையும் பார்த்துக்கொண்டார். "பேய் வீட்டு நடை முழுக்க இதே மாதிரி வேணும்" என்றார். அண்ணி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் சுவர். கண்ணை மூடினால் அச்சு அசலாக என் முன்னால் நிற்கிறது. ஆனால் நான் கோபத்தில் பாதிதான் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெடிப்பில் ஒரு செடி முளைத்திருந்ததே, அதன் வேர் எப்படி இறங்குகிறது என்று பிள்ளை நேரில் வந்து பார்க்கத் துடிக்கிறான். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள். என் வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்கே தெரியும். நான் கேட்டது தப்பு. நீங்கள் பேசாமல் இருப்பது எனக்கு என்னவோ போல இருக்குது அண்ணி, நிஜமா.

மூத்தவர் நீங்கள், மனதார வாழ்த்தினால் பிள்ளை தலையெடுத்துவிடுவான். இங்கே எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். நம் வீட்டில் ஹாலைத் தவிர மற்றச் சுவர்களெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கின்றன.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். பலகை வைக்க இடம் போதவில்லை என்று அப்பாவும் பிள்ளையுமாகப் படுக்கையறை பீரோவை நகர்த்தினார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதை நகர்த்தியதே இல்லை. என்னத்தச் சொல்ல. உங்க சுவரெல்லாம் பீரோவுக்குப் பின்னால இருக்கிற சுவர்கிட்டப் பிச்சை வாங்கணும். பாசி, பூசணம், உப்பு, எல்லாம் இருக்கு. ஜன்னல் இடுக்குல நுழைஞ்ச கொடி ஒண்ணு இலைவிட்டுக் கூரை வரைக்கும் ஏறியிருக்கு. பிள்ளை என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிறான். உங்க தம்பி கட்டில்ல உக்காந்து சிரிக்கிறார், இன்னும் நிறுத்தலை. அவர் வந்து கண்ணு மூக்கு வச்சுச் சொல்றதுக்குள்ள நானே சொல்லிட்டேன். நீங்க தாராளமா வெள்ளையடிங்க. முடிஞ்சதும் அந்த ஆளை இங்கே அனுப்புங்க. அதுவரைக்கும் மட்டும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க அண்ணி.